ஆளுக்கொரு கணிப்பொறி

சென்ற பருவத்தின் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் துறையின் பொதுக் கணிப்பொறி 11 மணி அளவில் நின்றுபோயிற்று. அதில் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்த அனைவருடைய வேலையும் அதனோடு போயிற்று. படிகம் ஒன்றின் ஆற்றல் நிலைகளைக் காண நான் தொடங்கி வைத்திருந்த கணக்கு மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாளில் முடிந்திருக்கும். அதுவும் போயிற்று. ஆகையால், நட்டம் அடையாதவன் ஒருவன் தாராள மனத்தோடு வழங்கும் அறிவுரை இது என்று யாரும் எண்ண வேண்டா.

காரணம் திங்களன்று தெரிந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர் எழுதிய நிரலில், சுழலை நிறுத்த வேண்டிய நிபந்தனையில் ஒரு குறி மாறிவிட்டது. சிறியது என்பதற்குரிய குறி இருக்க வேண்டிய இடத்தில் பெரியது என்பதற்குரிய குறி விழுந்துவிட்டது. சுழல் நிற்கவில்லை. அது சேர்த்துக்கொண்டே போன பட்டியல் வளர்ந்து வளர்ந்து, நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டது. அந்த மாணவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவர், பெயர் வேண்டா. அன்று மாலை என் அறைக்கு வந்து வாயிற்படியிலேயே நின்று, "அண்ணா, உங்கள் கணக்கும் போய்விட்டதாமே" என்றார். உள்ளே வாருங்கள் தம்பி என்று இருமுறை அழைத்தும் வரவில்லை.

விளைவுகள் இரண்டு. அவருக்கு ஒரு பருவம் முழுவதும் பொதுக் கணிப்பொறியில் இடம் இல்லை. ஏனைய மாணவர்களுக்கோ புதிய விதிகள்: எந்த மென்பொருளையும் தாமாக நிறுவக் கூடாது, ஆசிரியர் ஒப்பம் இன்றிப் புதிய நிரல் எதையும் ஓட்டக் கூடாது, இரவு 9 மணிக்கு மேல் உள்ளே நுழையக் கூடாது.

இந்தத் தண்டனையும் தவறு, இந்த விதிகளும் தவறு என்பது என் கருத்து. ஒருவர் ஒரு குறியை மாற்றி எழுதினால் 40 பேருடைய வேலை அழியும் என்றால், குற்றம் அவர் விரலில் இல்லை. 40 பேரையும் சுவரே இல்லாத ஒரு கூடத்தில் உட்காரவைத்த அமைப்பில் இருக்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 1967ஆம் ஆண்டிலேயே கண்டு முடித்துவிட்டார்கள். அதுவும் எங்கே? நம்மில் பலர் பழைய இரும்பு என்று ஒதுக்கும் மெயின்பிரேம் என்னும் பெருங்கணிப்பொறியில்!

படிப்பு முடிந்து சென்னையில் மென்பொருள் வேலைக்குச் சேரும் நண்பர்கள் சிலர், "எனக்கு மெயின்பிரேம் கொடுத்துவிட்டார்கள்" என்று இழவுச் செய்தி சொல்வதுபோல் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், மாணவன் அதன் அருகில் போக முடியாது. நிரலைத் துளையட்டைகளில் பதித்துக் கட்டாகக் கொடுத்துவிட்டு வரவேண்டும். மறுநாள் விடை வரும். பெரும்பாலும் அந்த விடை "பிழை" என்பதாகவே இருக்கும். ஒரு காற்புள்ளிக்காக ஒரு நாள் போகும். இந்த அவலத்தைத் தீர்க்கவே நேரப் பகிர்வு என்னும் முறை எழுந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் தோழர்களும் 1961ஆம் ஆண்டில் அதைச் செய்து காட்டினார்கள். பொறியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பலருக்கும் முறைவைத்துக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் பொறி தம் ஒருவருக்கே உழைப்பதுபோல் தோன்றும் அன்றோ?

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. ஆனால் எம்.ஐ.டி., தன் அடுத்த நேரப் பகிர்வுத் திட்டத்திற்கு ஐ.பி.எம். பொறியை விட்டு ஜெனரல் எலக்ட்ரிக் பொறியைத் தேர்ந்தது. அதே கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஒரு சிறிய அறிவியல் மையம் வைத்திருந்தது. நார்மன் ராஸ்முசன் அதன் தலைவர். அங்கே ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் சிறு குழுவாக அமர்ந்து, 1964இன் இறுதியில் வேறொரு வழியைத் தேடத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்ட வழி மிக எளியது. எல்லாரும் பங்குபோடும் ஒரு பெரிய இயங்குதளத்தை எழுதினால், அதற்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் காப்பது பெரும்பாடு. அதற்கு மாறாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணிப்பொறியையே கொடுத்துவிட்டால் என்ன? உண்மையில் இருப்பது ஒரே பொறி. ஆனால் ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு செயலகம், தமக்கென ஒரு நினைவகம், தமக்கென ஒரு வட்டு, ஓர் அட்டை படிப்பான், ஓர் அச்சுப்பொறி, எல்லாம் இருப்பதாகத் தோன்றச் செய்துவிடலாம். இந்தத் தோற்றப் பொறியைத்தான் மெய்நிகர் இயந்திரம், அதாவது வெர்ச்சுவல் மெஷின் என்கிறோம்.

தோற்றம் என்றவுடன் ஏதோ கண்கட்டு வித்தை என்று நினைக்க வேண்டா. இதன் உள்வேலை தெளிவானது. சிஸ்டம்/360 பொறிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று மேற்பார்வை நிலை. மற்றொன்று பயனர் நிலை. வட்டில் எழுது, நினைவகத்தின் காவலை மாற்று என்பன போன்ற அதிகாரக் கட்டளைகள் மேற்பார்வை நிலையில்தான் செல்லும். பயனர் நிலையில் உள்ள நிரல் அத்தகைய கட்டளையை இட்டால், பொறி அதை நிறைவேற்றாது; உடனே நின்று, மேற்பார்வை நிலையில் உள்ள நிரலை அழைக்கும். கேம்பிரிட்ஜ் குழுவினர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மேற்பார்வை நிலையில் தங்கள் கட்டுப்பாட்டு நிரல் ஒன்றை மட்டும் வைத்தார்கள். மற்ற இயங்குதளங்கள் எல்லாவற்றையும் பயனர் நிலைக்கு இறக்கிவிட்டார்கள். கூட்டல், கழித்தல் போன்ற சாதாரணக் கட்டளைகளை உண்மைப் பொறியே முழு விரைவில் செய்யும். அதிகாரக் கட்டளை வந்தால் மட்டும் கட்டுப்பாட்டு நிரல் குறுக்கிடும். கேட்டவருடைய பங்கு எதுவோ அதன்மேல் மட்டும் அந்த வேலையைச் செய்து கொடுத்து, அவரைத் தொடரவிடும்.

இவ்வாறு உள்ளே ஓடும் இயங்குதளத்தை விருந்தினர் என்று அழைப்பது இத்துறையின் வழக்கு. பொருத்தமான பெயர்தான். ஆனால் இந்த விருந்தினர் தாம் விருந்தினர் என்பதை அறியார். வீட்டுக்காரரே தாம்தான் என்று எண்ணி அதிகாரம் செய்துகொண்டிருப்பார். அதிகாரம் அவர் அறையோடு நிற்கும். அதுதான் இதன் அழகு.

1967ஆம் ஆண்டு சனவரியில் சி.பி.-40 என்னும் இந்தக் கட்டுப்பாட்டு நிரல் அன்றாட வேலைக்கு வந்தது. இதற்கென்றே சில பாகங்களை மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாதிரி 40 பொறியில் அது ஓடிற்று. ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட்டு நினைவகம். அந்த மாதிரிப் பொறியில் வைக்கக்கூடிய மிகப் பெரிய நினைவகமே 256 கிலோபைட்டுத்தான்! அப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை வெளியே சேமிப்பில் வைத்துவிட்டு, வேண்டும்போது உள்ளே கொண்டுவந்து 14 பேரையும் நிறைவு செய்தார்கள்.

நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இதற்கு அடுத்தது. இந்த ஒவ்வொரு பொறிக்குள்ளும் பயனர் ஓட்டுவதற்காக சி.எம்.எஸ். என்னும் சிறிய இயங்குதளத்தையும் அதே குழு எழுதிற்று. அது ஒரே ஒருவருக்கான இயங்குதளம். பிறரிடமிருந்து தன்னைக் காக்கும் வேலை அதற்கு இல்லை. ஏனெனில் பிறர் என்பவரே அதன் உலகத்தில் இல்லை. காவல் முழுவதையும் கட்டுப்பாட்டு நிரல் ஏற்றுக்கொண்டது. ஆகவே பயனர் தம் நிரலால் சி.எம்.எஸ்.ஸையே குலைத்துவிட்டாலும் பெரிய தீங்கு இல்லை. மீண்டும் தொடங்கு என்று ஒரு வரி தட்டினால் போதும். அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பின்னாளில் வந்த வி.எம்./370இல் சாதாரணப் பயனருக்கு ஜி என்னும் அதிகார வகுப்பு இருந்தது. அந்த வகுப்பினர் தம் பொறியை எத்தனை முறையும் நிறுத்தலாம், தொடங்கலாம். பிறர் பொறியைத் தொட முடியாது.

நம் துறை வகுத்த விதிகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்த அமைப்பு "நீ தவறு செய், உன்னளவில் செய்" என்றது. நம் விதிகள் "தவறே செய்யாதே, ஆகையால் எதையுமே செய்யாதே" என்கின்றன.

இந்தச் சிறு முயற்சியை ஐ.பி.எம். நிறுவனமே முதலில் பெரிதாக மதிக்கவில்லை. அது அதிகாரபூர்வமாக வளர்த்தது டி.எஸ்.எஸ்./360 என்னும் பெரிய நேரப் பகிர்வு இயங்குதளத்தை. அது காலம் தாழ்த்தி, தள்ளாடி, கடைசியில் 1971இல் கைவிடப்பட்டது. கேம்பிரிட்ஜ்க் குழுவின் நிரலோ சி.பி.-67 என வளர்ந்து, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் வி.எம்./370 என்னும் பெயரோடு முறையான விற்பனைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாகிய இசட்/வி.எம். இன்றும் பெருங்கணிப்பொறிகளில் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டில் டேவிட் பாய்ஸ் என்பவர் எல்லை எதுவரை என்று பார்ப்பதற்காக, ஒரே பெருங்கணிப்பொறியில் 41,400 லினக்ஸ் விருந்தினர்களை எழுப்பிக் காட்டினார். அன்றாட வேலைக்கு அத்தனை பேரை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அது சோதனை. ஆனால் 40 மாணவருக்கு இடம் இல்லை என்று சொல்வோர் அந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

"அது பெருங்கணிப்பொறி, நம்மிடம் இருப்பது வேறு" என்று சொல்லக்கூடும். ஒரு காலத்தில் அது உண்மையே. இதற்கான விதியை ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் என்னும் இருவரும் 1974இல் வரையறுத்தார்கள். பொறியின் நிலையைத் தொடும் கட்டளை எதுவாயினும், அது பயனர் நிலையில் இடப்பட்டால் தவறாமல் நின்று மேலே முறையிட வேண்டும் என்பது அதன் சாரம். நம் மேசைக் கணிப்பொறிகளின் இன்டெல் வகைச் செயலகங்களில் சில கட்டளைகள் அவ்வாறு நிற்காமல், ஓசையின்றி வேறு விடை தந்துவிட்டுப் போய்விடும். எனவே 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியைக் கையாண்டது. 2005இல் இன்டெல் தன் செயலகத்திலேயே இதற்கான வசதியைச் சேர்த்தது. 2007இல் கே.வி.எம். என்னும் பகுதி லினக்ஸோடு சேர்ந்து இலவசமாகவே கிடைக்கலாயிற்று. நம் துறைக் கணிப்பொறியில் அது இன்றே இருக்கிறது, திறப்பார்தான் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் துறைக் கணிப்பொறியின் நினைவகம் 256 கிகாபைட்டு. சி.பி.-40 ஓடிய மாதிரியின் உச்ச அளவு 256 கிலோபைட்டு என்று சொன்னேன். பத்து இலட்சம் மடங்குக்கும் சற்று மேல்! அவர்கள் அதை வைத்துக்கொண்டு 14 பேருக்குத் தனிப்பொறி தந்தார்கள். நாம் ஆளுக்கு 4 கிகாபைட்டு வீதம் 40 பேருக்குக் கொடுத்தால் 160 ஆகும். மிச்சம் 96. அதை ஆய்வு மாணவர்களின் பெருங்கணக்குகளுக்கென ஒதுக்கிச் சுவர் எழுப்பிவிடலாம். அந்தச் சனிக்கிழமை இப்படி இருந்திருக்குமானால், தம்பியின் நிரல் தன் 4 கிகாபைட்டை விழுங்கி, அவருடைய பொறியோடு செத்திருக்கும். என் கணக்கு ஞாயிறு காலையில் முடிந்திருக்கும். அவரும் பிழையைத் திருத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் மறுபடியும் ஓட்டியிருப்பார்.

விவரம் அறிந்த நண்பர் ஒருவர், "இதற்கு மெய்நிகர் இயந்திரம் எதற்கு? ஆளுக்கு இவ்வளவு நினைவகம் என்று வரம்பு கட்டினால் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரம்பு கட்டியிருந்தால் அன்றைய விபத்து நேர்ந்திராது. அதைக் கட்டாமல் விட்டதும் மாணவர் குற்றம் அன்று. ஆனால் வரம்பு தடுக்கும், கற்றுத் தராது. ஒரே இயங்குதளத்தை எல்லாரும் பங்குபோடும் வரையில், அதன் உள்ளே கைவைக்க ஒருவரையும் விட முடியாது. தமக்கென ஒரு பொறி உள்ள மாணவரோ இயங்குதளத்தை நிறுவலாம், கெடுக்கலாம், ஏன் கெட்டது என்று தேடலாம், கெடுவதற்கு முன் எடுத்துவைத்த படிக்குத் திரும்பலாம். இயற்பியல் மாணவனுக்கு ஆய்வகத்தில் மின்சுற்றைத் தவறாக இணைத்துப் பார்க்கும் உரிமை எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

சுவர்கள் முற்றிலும் பிழையற்றவை என்றும் நான் சொல்லமாட்டேன். 2018இல் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் முதலிய குறைகள், செயலகத்தின் உள்வேலை வழியாகவே ஒருவர் நினைவகத்தை மற்றவர் எட்டிப்பார்க்க இடம் உண்டு என்று காட்டின. தேர்வு வினாத்தாளையும் மாணவர் பொறிகளையும் ஒரே கணிப்பொறியில் வைக்கச் சொல்லவில்லை. மேலும், நாற்பது பொறிகளைப் பேண ஒருவர் வேண்டும், அது வேலைதான். அந்த வேலையை மாணவரிடமே முறைவைத்துக் கொடுங்கள் என்கிறேன். கட்டுப்பாட்டு நிரலைப் பேணக் கற்பதைவிட நல்ல பாடம் ஏது?

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. புதிய விதிகளால் எல்லாருக்கும் ஒரே அளவு துன்பம் இல்லை. சொந்த மடிக்கணினி வைத்திருப்பவர் தம் அறையில் அமர்ந்து ஆயிரம் தவறுகள் செய்கிறார், ஒருவருக்கும் தெரியாது, ஆறு மாதத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்குகிறார். நம் தம்பியிடம் மடிக்கணினி இல்லை. வீட்டிலிருந்து வரும் பணம் விடுதி உணவுக் கட்டணத்துக்கே சரியாகிவிடுகிறது. ஆகவே அவர் தவறுகளை எல்லாம் பொதுக் கணிப்பொறியில், ஊரறியச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தவறுக்கு ஒரு பருவம் போயிற்று. தவறு செய்து கற்கும் வாய்ப்பு, பணம் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் பொருளாகிவிட்டால், பல்கலைக்கழகம் என்று ஒன்று எதற்கு? மொழி தெரியாத ஊருக்கு இரண்டு நாள் இரயிலில் வந்து சேர்ந்தவர், இங்கே கேள்வி கேட்கவே அஞ்சி அஞ்சித் தேறியவர், இப்போது கணிப்பொறி அறைப்பக்கமே போவதில்லை. எனக்கு என் மூன்று நாள் கணக்கு போனதைவிட இது பெரிய நட்டமாகத் தெரிகிறது.

ஆதலால் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, அந்த மாணவர் மீதுள்ள தடையை இந்தப் பருவத்திலேயே நீக்க வேண்டும். இரண்டாவது, விதிகளை நிறுத்திவைத்து, பத்து மாணவருக்கு மட்டும் தனித்தனி மெய்நிகர் இயந்திரம் கொடுத்து ஒரு பருவம் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பத்து இடங்களைச் சொந்தக் கணினி இல்லாதவர்க்கே முதலில் கொடுக்க வேண்டும். இது தமிழ் மாணவருக்கென்று கேட்கும் சலுகை அன்று. விண்ணப்பத்தை நானும் என் வகுப்பு வங்காளி நண்பரும் தெலுங்கு நண்பரும் சேர்ந்தே எழுதியிருக்கிறோம். நம் சங்கத்து அறிவியல் மாணவர்கள் படித்துப் பார்த்து, உடன்பட்டால் ஒப்பமிட வேண்டும். உடன்படாதவர்கள் என் அறைக்கு வந்து வாதிட வேண்டும்.

வருகிறவர்களுக்கு ஒரு காட்சியும் உண்டு. 1999இல் ரோஜர் பவுலர் தொடங்கிய ஹெர்குலிஸ் என்னும் நிரல், பழைய ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியைச் சாதாரணக் கணினியிலேயே நடித்துக் காட்டும். அதன்மேல் வி.எம்./370இன் பழைய பதிப்பை இலவசமாக ஓட்டலாம். என் மடிக்கணினியில் இப்போது அது ஓடுகிறது. சென்ற வாரம் தம்பியை ஒருவழியாக உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவருக்கென ஒரு பொறியைத் திறந்து கொடுத்தேன். முதலில் தயங்கினார். பிறகு அந்தப் பொறியை நான்கு முறை குலைத்தார். நான்கு முறையும் பக்கத்திலேயே என் பொறி ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் முறை அவர் நிரல் சரியாக ஓடிற்று.